தாடிக்கு அடியில் ஒரு தொல்லை

நம் நாட்டில் தாடி வைத்திருப்பவர்கள் பலர். காரணம் ஆளுக்கு ஆள் வேறு.

சீக்கியர்களுக்குத் தாடி சமய நெறி. 1699-ஆம் ஆண்டில் குரு கோவிந்த் சிங் கால்சாவை அமைத்தார். கால்சாவில் சேர்ந்தவர்கள் முடியை வெட்டுவதில்லை. முஸ்லிம் ஆண்கள் பலரும் சமயக் காரணத்தால் தாடி வளர்க்கிறார்கள். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் 41 நாள் விரதம் முடியும் வரை சவரம் செய்வதில்லை. மனைவி கர்ப்பமாக இருக்கும்போது சிலர் தாடி விடுவார்கள். இளைஞர்கள் அழகுக்காக வளர்க்கிறார்கள்.

காரணம் எதுவானாலும் தோல் ஒன்றுதான். தாடி வளர்ந்த சில வாரங்களில் பலருக்கு ஒரு தொல்லை தொடங்குகிறது. உள்ளே அரிக்கிறது. சொறிந்தால் வெள்ளைப் பொடி உதிர்கிறது. மாலை போட்ட சாமியின் கறுப்புச் சட்டையில் அது பளிச்சென்று தெரியும். வீட்டில் இதை முதலில் கவனிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். தலையணை உறையை உதறினால் பொடி கொட்டும்.

உடனே பயம் வரும். "இது ஒட்டுமா?" என்று கேட்பார்கள். "குஷ்டமாக இருக்குமோ?" என்று பேசுவார்கள். பக்கத்தில் உட்காரத் தயங்குவார்கள். குழந்தையைத் தூக்கக் கூடாது என்பார்கள். பாதிக்கப்பட்டவர் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்ல மாட்டார். மருந்துக் கடையில் ஏதாவது ஒரு டியூப் வாங்கிப் பூசுவார். சின்னத் தொல்லை அங்கேதான் பெரிய தொல்லையாக மாறுகிறது.

தாடிக்குள் உதிரும் செதில் பெரும்பாலும் சாதாரணமானது. கழுவும் முறையை மாற்றினாலே பலருக்குக் குறையும். ஆனால் எது சாதாரணம், எது சாதாரணம் இல்லை என்று நமக்குத் தெரிய வேண்டும். அதைப் பார்ப்போம்.

தோல் ஒரு சுவர்

நம் தோலின் மேல்பகுதியை ஒரு செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். செங்கற்களுக்கு நடுவே சாந்து இருக்கிறது. தோலில் உள்ள மிகச் சிறிய அணுக்கள்தான் செங்கல். அவற்றுக்கு நடுவே உள்ள கொழுப்புதான் சாந்து. இந்தச் சாந்து தோலின் ஈரத்தை வெளியே விடாமல் காக்கிறது. வெளியே உள்ள கிருமிகளை உள்ளே விடாமல் தடுக்கிறது.

இந்தச் சுவர் தினமும் புதிதாகிறது. அடியில் புதிய செங்கல் உருவாகிறது. அது மெல்ல மேலே வருகிறது. மேலே வந்த பழைய செங்கல் உதிர்ந்து விடுகிறது. இப்படி ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 4 வாரம் ஆகும். எல்லோருடைய தோலும் தினமும் உதிர்கிறது. மிகச் சிறிய துகள் என்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

முடி முளைக்கும் இடத்துக்கு மயிர்க்கால் என்று பெயர். ஒவ்வொரு மயிர்க்காலின் பக்கத்திலும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. முகத்தில் இந்தச் சுரப்பிகள் அதிகம். இதில் சுரக்கும் எண்ணெய் தோலையும் முடியையும் மென்மையாக வைக்கிறது.

தாடி வளர்ந்தால் என்ன ஆகிறது? உதிர்ந்த தோல் முடியில் சிக்கிக்கொள்கிறது. எண்ணெயும் தூசியும் அதனுடன் சேர்கின்றன. முகம் கழுவும்போது தண்ணீர் தாடியின் மேலே ஓடி வழிந்து விடுகிறது. அடியில் உள்ள தோல் வரை போவதில்லை. ஆகவே அழுக்கு அங்கேயே தங்குகிறது. தோல் அரிக்கிறது.

செதில் இரண்டு வகை

தாடிக்குள் உதிரும் செதில் பெரும்பாலும் இரண்டு வகை. இரண்டுக்கும் மருந்து வேறு. ஆகவே முதலில் எந்த வகை என்று பார்க்க வேண்டும். நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன்னால் நின்று முடியை விலக்கிப் பாருங்கள்.

முதல் வகை வறட்சிச் செதில். இது மெல்லியதாக, வெள்ளையாக, மாவு போல இருக்கும். தோல் இழுத்துப் பிடித்தது போல் இருக்கும். முகம் கழுவிய பிறகு இழுப்பு அதிகமாகும். கை, கால் தோலும் வறண்டு வெடித்திருக்கும். குளிர்காலத்தில் கூடும்.

இரண்டாம் வகை எண்ணெய்ச் செதில். இது கொஞ்சம் மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருக்கும். தோலோடு ஒட்டியிருக்கும். அடியில் தோல் சிவந்திருக்கும். கறுத்த நிறம் உள்ளவர்களுக்குச் சிவப்பு தெரியாமல், தோல் வெளுத்தோ கறுத்தோ தெரியலாம். தாடியில் மட்டும் வராது. புருவம், மூக்கின் இரண்டு பக்கம், காதின் பின்புறம், தலை ஆகிய இடங்களிலும் வரும். சுருக்கமாகச் சொன்னால் இது தாடியில் வரும் பொடுகு.

இரண்டுமே ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டாது. கூட உட்காரலாம். கூடச் சாப்பிடலாம். குழந்தையைத் தூக்கலாம்.

வறட்சி ஏன் வருகிறது?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நாமக்கல்லில் இருந்து ஒரு லாரி ஓட்டுநர் ஜனவரி மாதம் டெல்லிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம். வழியில் சவரம் செய்ய நேரம் இல்லை. தாடி வளர்ந்து விட்டது.

வடக்கே போகப் போகக் குளிர் கூடுகிறது. டெல்லியில் ஜனவரி மாத இரவுகளில் 10 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். குளிர்ந்த காற்றில் நீராவி குறைவாகவே இருக்கும். ஓடும் வண்டியில் அந்தக் காற்று முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கிறது. தோலின் ஈரத்தை அது இழுத்துக்கொள்கிறது.

சாலையோரத் தாபாவில் ஓட்டுநர் குளிக்கிறார். குளிருக்கு இதமாகக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக்கொள்கிறார். சூடான தண்ணீர் தோலில் உள்ள எண்ணெயைக் கரைத்து விடுகிறது. கையில் இருப்பது துணி சோப்பு. அதையே முகத்துக்கும் போடுகிறார். துணியில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் செய்த சோப்பு அது. முகத்தில் உள்ள எண்ணெயையும் அது சேர்த்து எடுத்து விடுகிறது.

தாபாவில் வருவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். பல ஊர்களில் அது உப்புத் தண்ணீராக இருக்கும். அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். சோப்பு சரியாக நுரைக்காது. நுரைக்குப் பதிலாக வெள்ளைப் பிசுக்கு உண்டாகும். அந்தப் பிசுக்கு தாடியில் படிந்து காய்ந்து விடும்.

குளிர்காற்று, வெந்நீர், துணி சோப்பு, உப்புத் தண்ணீர் ஆகிய நான்கும் சேர்ந்து சுவரின் சாந்தைக் கரைத்து விட்டன. செங்கல் உதிரத் தொடங்குகிறது. அதுதான் நாம் பார்க்கும் வெள்ளைப் பொடி.

இது லாரி ஓட்டுநருக்கு மட்டும் வருவதில்லை. செங்கல் சூளை, சிமெண்டு வேலை, அடுப்படி வேலை செய்பவர்களுக்கும் வரும். நாள் முழுவதும் குளிர்சாதன அறையில் வேலை செய்பவர்களுக்கும் வரும்.

வறட்சிக்கு என்ன செய்யலாம்?

1. வெந்நீர் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். குளித்து முடிக்கச் சில நிமிடமே போதும்.

2. துணி சோப்பை முகத்தில் போடாதீர்கள். குளியல் சோப்பையும் தாடியில் நாளுக்கு ஒரு முறைக்கு மேல் போட வேண்டாம். மற்ற நேரம் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும்.

3. விரல் நுனிகளைத் தாடிக்குள் விட்டு, தோலைத் தொட்டுத் தேயுங்கள். நகத்தால் சொறியாதீர்கள்.

4. சோப்பு முழுவதும் போகும்படி அலசுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் கடைசியாக ஒரு சொம்பு நல்ல தண்ணீரில் அலசினால் நல்லது.

5. துண்டால் ஒற்றி எடுங்கள். அழுத்தித் துடைக்க வேண்டாம்.

6. தோல் லேசான ஈரமாக இருக்கும்போதே சில சொட்டுத் தேங்காய் எண்ணெயை விரலில் எடுத்து, முடியை விலக்கித் தோலில் தடவுங்கள். எண்ணெய் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். முடியில் மட்டும் தடவினால் தாடி பளபளக்கும். தோல் வறண்டே கிடக்கும்.

இப்படி 2 வாரம் செய்து பாருங்கள். சாதாரண வறட்சியாக இருந்தால் குறைவது தெரியும்.

சிலர் எலுமிச்சம் பழத்தைத் தேய்ப்பார்கள். சிலர் உப்பு போட்டுத் தேய்ப்பார்கள். வெடித்த தோலில் இவை எரிச்சலைத்தான் தரும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் புண்ணாகிக் கறுத்தும் போகலாம்.

எண்ணெய்ச் செதிலுக்கு என்ன செய்யலாம்?

எல்லோருடைய தோலிலும் ஒரு வகைப் பூஞ்சைக் கிருமி வாழ்கிறது. அதன் பெயர் மலசீசியா. தோலின் எண்ணெய்தான் அதற்கு உணவு. பெரும்பாலானவர்களை அது ஒன்றும் செய்வதில்லை. சிலருடைய தோலுக்கு மட்டும் அது ஒத்துக்கொள்வதில்லை. தோல் சிவக்கிறது. அரிக்கிறது. அணுக்கள் வேகவேகமாக உருவாகி, கட்டியாக உதிர்கின்றன.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். "செதில் உதிர்கிறது, தோல் வறண்டு விட்டது" என்று நினைத்து நிறைய எண்ணெய் தடவுகிறார்கள். இரவு முழுவதும் ஊற விடுகிறார்கள். வறட்சிச் செதிலுக்கு எண்ணெய் நல்லது. எண்ணெய்ச் செதிலில் எண்ணெயை ஊற விட்டால் தொல்லை கூடலாம். அதனால்தான் எந்த வகை என்று முதலில் பார்க்கச் சொன்னோம்.

எண்ணெய்ச் செதிலுக்குப் பொடுகு ஷாம்பு உதவும். உறையில் உள்ள மருந்தின் பெயரைப் பாருங்கள். கீட்டோகோனசோல் 2 சதவீதம் என்று இருக்கலாம். ஜிங்க் பைரித்தியோன் என்று இருக்கலாம். தலைக்குப் போடும் அதே ஷாம்புவைத் தாடிக்கும் போடலாம்.

போடும் முறைதான் முக்கியம். தாடியை நனையுங்கள். ஷாம்புவை விரலால் தோல் வரை தேயுங்கள். உடனே கழுவி விடக் கூடாது. 5 நிமிடம் விடுங்கள். அதன் பிறகு நன்றாக அலசுங்கள். கண்ணிலும் வாயிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 2 முறை, 4 வாரம் வரை இப்படிச் செய்யலாம். குறைந்த பிறகு வாரத்துக்கு ஒரு முறையோ 2 வாரத்துக்கு ஒரு முறையோ போட்டால் போதும்.

இந்தத் தொல்லை போய்ப் போய் வரும். குளிரில் கூடும். தூக்கம் கெட்டாலும், மனக்கவலை இருந்தாலும் கூடும். திரும்பி வந்துவிட்டதே என்று கலங்க வேண்டாம். மறுபடியும் ஷாம்புவைத் தொடங்கலாம். உடலின் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இது கடுமையாக வரும். முகம் முழுவதும் திடீரென்று பரவினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தாடியைக் கட்டி வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் ஈரம் காய்ந்த பிறகே கட்ட வேண்டும். ஈரத்தோடு கட்டினால் உள்ளே புழுங்கும். கிருமி வளர அது வசதி.

அந்த டியூப்

அந்த லாரி ஓட்டுநர் ஷாம்பு வாங்கவில்லை. மருந்துக் கடையில் கேட்டு ஒரு டியூப் வாங்கினார். 3 மாதம் கழித்து ஊரில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தார். அங்கே நடந்த பேச்சு இப்படி இருக்கும்.

"டாக்டரம்மா, இந்த டியூபைப் பூசினா ரெண்டே நாள்ல அரிப்பு நின்னுடுதுங்க. விட்டா மறுபடியும் வந்துடுதுங்க."

"யார் எழுதிக் கொடுத்தாங்க?"

"யாரும் எழுதலீங்க. கடைக்காரரே கொடுத்தாருங்க. வழியில எந்த ஊர்ல கேட்டாலும் கிடைக்குதுங்க."

"எத்தனை நாளா பூசறீங்க?"

"மூணு மாசமாச்சுங்க."

"இந்தக் கண்ணாடியில கன்னத்தைப் பாருங்க. சின்னச் சின்னதா சிவப்புக் கோடு தெரியுதா? அது ரத்தக்குழாய். தோல் மெலிஞ்சு போனதால வெளியே தெரியுது. பருவும் வந்திருக்கு பாருங்க."

"அப்போ இது விஷமாங்க?"

"விஷம் இல்லைங்க. இதுவும் மருந்துதான். ஆனா எந்த நோய்க்கு, எத்தனை நாளைக்குன்னு கணக்கு இருக்கு. கணக்கு தெரியாமப் பூசினா தோலைக் கெடுத்துடும்."

டியூபில் இருந்தது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. ஸ்டீராய்டு தோலின் சிவப்பையும் அரிப்பையும் வேகமாக அடக்கும். ஆகவே நோய் போய்விட்டது போலத் தோன்றும். உண்மையில் நோய் அடங்கித்தான் இருக்கிறது. நிறுத்தினால் திரும்பும். சில நேரம் முன்பைவிட அதிகமாகத் திரும்பும். மனிதர் பயந்து மறுபடியும் பூசுவார். மாதக்கணக்கில் இது ஓடும். முகத் தோல் மெல்லியது. அது சீக்கிரம் கெடும்.

படர்தாமரையின் மேல் இதைப் பூசினால் இன்னும் ஆபத்து. அரிப்பு அடங்கும். ஆனால் கிருமி உள்ளுக்குள் பரவிக்கொண்டே போகும். வட்டமும் விளிம்பும் கலைந்து போவதால் மருத்துவருக்கே நோயை அடையாளம் காண்பது கடினமாகும்.

பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், பெக்லோமெத்தசோன் ஆகியவை ஸ்டீராய்டு மருந்துகள். இவற்றோடு பூஞ்சை மருந்து, கிருமி மருந்து எல்லாம் கலந்து ஒரே டியூபாகவும் விற்கிறார்கள். "எல்லாத் தோல் நோய்க்கும் இது ஒன்றே போதும்" என்று யாராவது சொன்னால் அந்த டியூபைத் தொடாதீர்கள்.

2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு விதியை மாற்றியது. 14 வகை ஸ்டீராய்டு தோல் மருந்துகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. ஆகவே சீட்டு இல்லாமல் கேட்பதும் தவறு. கொடுப்பதும் தவறு.

மருத்துவர் சில நாளைக்கு லேசான ஸ்டீராய்டு எழுதிக் கொடுக்கலாம். பயப்பட வேண்டாம். எத்தனை நாள் பூச வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பல மாதமாகப் பூசி வருபவர்கள் தாங்களாகவே திடீரென்று நிறுத்த வேண்டாம். டியூபை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

படிக்கத் தெரிந்த நமக்கு

எழுதப் படிக்கக் கற்றது கடிதம் எழுத மட்டும் அல்ல. மருந்தின் உறையைப் பார்க்கவும் அது உதவும். மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, மருந்தின் பெயர். மருந்து உறையில் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். புரியாவிட்டால் கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள். மேல்படிப்புப் படிக்கும் பிள்ளையிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது, சிவப்புக் கோடு. உறையில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டோடு மட்டும் வாங்க வேண்டிய மருந்து. கோடு இல்லாததால் மட்டும் அது ஆபத்து இல்லாத மருந்து ஆகிவிடாது.

மூன்றாவது, தேதி. மாதமும் ஆண்டும் எண்ணில் இருக்கும். அந்த மாதம் தாண்டிய மருந்தைப் பூசாதீர்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

எல்லாச் செதிலும் வறட்சியோ பொடுகோ அல்ல. கீழே உள்ள அறிகுறிகள் இருந்தால் வீட்டு வைத்தியத்தை நிறுத்துங்கள். அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

வட்டமாகப் படர்ந்தால்: வட்டத்தின் ஓரம் தடித்து, செதிலாக இருக்கும். அந்த இடத்தில் முடி எளிதாகப் பிடுங்கிக்கொண்டு வரும். வீங்கிச் சீழும் வைக்கலாம். இது தாடியில் வரும் படர்தாமரை. மாடு வளர்ப்பவர்களுக்கு இது மாட்டிலிருந்தும் வரும். கன்றுக்குட்டியின் கண்ணைச் சுற்றியும் முகத்திலும் சாம்பல் நிறத்தில் பொருக்கு இருந்தால் கவனமாக இருங்கள். அதைத் தொட்ட கையால் முகத்தைத் தொடாதீர்கள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். கன்றைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தாடியில் வந்த படர்தாமரைக்குக் களிம்பு மட்டும் போதாது. மாத்திரையும் சாப்பிட வேண்டியிருக்கும்.

சீழ்க் கொப்புளம் வந்தால்: மயிர்க்காலில் கிருமி புகுந்திருக்கலாம். கிள்ளாதீர்கள். குணமாகும் வரை சவரம் செய்யாதீர்கள்.

சாயம் போட்ட பிறகு அரித்தால்: நரைத்த தாடிக்குப் பலர் கறுப்புச் சாயம் போடுகிறார்கள். பல சாயங்களில் பி.பி.டி. என்ற ரசாயனம் இருக்கிறது. கறுப்பு மருதாணி என்று விற்பதிலும் இது இருக்கலாம். சிலருக்கு இது ஒத்துக்கொள்ளாது. முகம் அரித்து, வீங்கி, நீர் வடியும். சாயம் போடும் முன் முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து 2 நாள் பாருங்கள். அரித்தால் அந்தச் சாயம் உங்களுக்கு ஆகாது.

தடித்த வெள்ளிச் செதில் என்றால்: முழங்கை, முழங்கால், தலையிலும் அதே போல இருந்தால் அது சொரியாசிஸ் ஆக இருக்கலாம். இதுவும் ஒட்டாத நோய்தான். ஆனால் மருத்துவர் பார்க்க வேண்டும்.

உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால்: தொழுநோய்த் தேமலில் பொதுவாக அரிப்பு இருக்காது. தொட்டால் உணர்ச்சி குறைவாக இருக்கும். அரிப்பதும், பொடி உதிர்வதும் மட்டும் தொழுநோயின் அடையாளம் அல்ல. உணர்ச்சி குறைந்த தேமல் உடலில் எங்கே இருந்தாலும் காட்டுங்கள். தொழுநோய்க்கு அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசம். முறையாகச் சாப்பிட்டால் முழுவதும் குணமாகும். ஆகவே மறைக்கவும் வேண்டாம். யாரையும் ஒதுக்கவும் வேண்டாம்.

வெளியூரில் வேலை செய்பவர்கள் அந்த ஊர் அரசு மருத்துவமனையிலேயே காட்டலாம். இ-சஞ்சீவனி என்ற அரசுச் சேவை மூலம் கைப்பேசி வழியாகவும் மருத்துவரிடம் இலவசமாகப் பேசலாம்.

சலூனில் ஒரு வார்த்தை

விரதம் முடிந்ததும் பலர் தாடியை எடுக்கிறார்கள். அரிப்பு தாங்காமலும் எடுக்கிறார்கள். எடுக்கும் இடத்தில் கவனம் வேண்டும்.

சொறிந்து புண்ணான தோலில் சவரக்கத்தி பட்டால் ரத்தம் கசியும். ஒருவருக்குப் போட்ட பிளேடை அடுத்தவருக்கும் போட்டால் ரத்தத்தின் வழியாக நோய் பரவலாம். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி, காய்ந்த ரத்தத் துளியிலும் 7 நாள் வரை உயிரோடு இருக்கும். சவரத்துக்குப் பின் தேய்க்கும் படிகாரக் கட்டியும் பல முகத்தில் பட்டதாக இருக்கலாம்.

ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள். "அண்ணே, புது பிளேடு போட்டுடுங்க. படிகாரம் வேண்டாம்ணே." நல்ல தொழிலாளி இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். உங்கள் கண் முன்னாலேயே உறையைப் பிரித்துப் புது பிளேடு போடுவார். அது அவருக்கும் பாதுகாப்பு.

வீட்டிலும் ரேசர், சீப்பு, துண்டு ஆகியவற்றை ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். தலையணை உறையை வாரம் ஒரு முறையாவது துவைத்து வெயிலில் காயப் போடுங்கள்.

நினைவில் வைப்போம்

தாடியைக் கழுவினால் போதாது. தாடிக்கு அடியில் உள்ள தோலைக் கழுவ வேண்டும்.

மாவு போல உதிர்ந்தால் வறட்சி. வெந்நீரையும் துணி சோப்பையும் நிறுத்தி, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும்.

மஞ்சளாகப் பிசுபிசுத்தால் பொடுகு. ஷாம்பு போட்டு 5 நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும்.

சீட்டு இல்லாமல் டியூப் வாங்கக் கூடாது.

4 வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் வீட்டில் உள்ள தோல் களிம்பு டியூபை எடுத்து வாருங்கள். அதில் சிவப்புக் கோடு இருக்கிறதா? தேதி என்ன?

2. வறட்சிச் செதிலுக்கும் எண்ணெய்ச் செதிலுக்கும் என்ன வேறுபாடு? பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லுங்கள்.

3. தோல் நோய் உள்ளவரை உங்கள் ஊரில் எப்படி நடத்துகிறார்கள்? அது சரியா?

4. உங்கள் ஊர் சலூனில் எல்லோருக்கும் புது பிளேடு போடுகிறார்களா? இல்லை என்றால் என்ன செய்யலாம்?